உறுமியின் அடி எங்கே போயிற்று?

மாணவர்களே, இரவு எட்டு மணி. ரந்தாவ் பக்கம் செம்பனைத் தோட்டத்துச் சாலையில் அப்பாவின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போகிறீர்கள். உள்ளே எங்கோ ஒரு கோயிலில் திருவிழா. வண்டியை ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்ததும் முதலில் காதில் விழுவது எது? பாட்டு இல்லை, நாதஸ்வரமும் இல்லை. 'தும்... தும்...' என்று ஒரு கனத்த அடி மட்டும். கடைசி வளைவு திரும்பிய பிறகுதான் பாடகரின் குரல் வரும். கோயில் வாசலில் இறங்கும்போதுதான் தவிலின் வலந்தலையில் விரல்கூடுகள் படபடப்பது தெளிவாகக் கேட்கும்.

ஏன் இப்படி? நம் ஊர் வெப்பத்தில் ஒலி காற்றில் வினாடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் செல்கிறது. அந்த வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் கிடைக்கும். 50 ஹெர்ட்ஸ் அடிக்கு அலைநீளம் 7 மீட்டர். 10,000 ஹெர்ட்ஸ் ஒலிக்கு வெறும் 3.5 சென்டிமீட்டர். ஏழு மீட்டர் அலைக்குச் செம்பனை மரம் ஒரு தடையே அல்ல. சுற்றி வளைந்து வந்துவிடும். சின்ன அலைகள் மரத்திலும் ஓலையிலும் பட்டுச் சிதறும். போதாக்குறைக்குக் காற்றே அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கிவிடும்.

இதற்கு நேர்மாறான ஓர் அனுபவத்தைப் பற்றித்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன். வலந்தலை படபடக்கிறது, நாதஸ்வரம் பக்கத்தில் நின்று வாசிப்பதுபோல் கேட்கிறது, அடி மட்டும் இல்லை.

என் மாமா ஒருவர் ரந்தாவ் வட்டாரத்து ரப்பர்த் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவர். அந்தத் தோட்டம் இன்று வீடமைப்புப் பகுதி. 1980களில் அங்கே நடந்த கடைசித் திருவிழாக்களில் ஒன்றை யாரோ சின்ன கேசட் ரிக்கார்டரில் பதிவு செய்திருந்தார்கள். நாதஸ்வரம், தவில், உறுமி மேளம், நடுவே ஆட்கள் பேசுவது, ஒரு பிள்ளை அழுவது எல்லாம் அதில் இருக்கின்றன. மாமா ஓய்வு பெற்ற பிறகு, பழைய நிலைமின் ஒலிபெருக்கி ஒரு ஜோடியை மலிவாக வாங்கினார். ஆளுயரத்துக்குக் கதவு மாதிரி நிற்கும். அதில் அந்த நாடாவைப் போட்டால் ஆட்களின் பேச்சு அறைக்குள்ளேயே கேட்கும். ஆனால் மாமா வாசித்த உறுமியின் அடி வரவில்லை. "ஒரு நல்ல சப்வூஃபர் வாங்கிப் போட்டால் வந்துவிடும்" என்றான் அவர் மகன். அவன் பார்த்து வைத்திருந்த பெட்டி பல ஆயிரம் வெள்ளி. எதை வாங்குவது என்று என்னைக் கேட்டார்கள்.

பிங்பாங் பந்தும் ஒலிபெருக்கியும்

படிவம் ஐந்து இயற்பியல் ஆய்வகத்தில் ஒரு சோதனை உண்டு. இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே, கடத்தும் சாயம் பூசிய பிங்பாங் பந்தை நைலான் நூலில் தொங்கவிடுவார்கள். தகடுகளுக்குச் சில ஆயிரம் வோல்ட் கொடுத்துப் பந்தை ஒரு தகட்டில் தொடவைத்தால், அது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓயாமல் மோதிக்கொண்டிருக்கும். ஒரே வகை மின்னூட்டம் தள்ளும், எதிர் வகை இழுக்கும் என்பதைக் கண்ணால் பார்க்கும் இடம் அது.

பந்தை எடுத்துவிட்டு அங்கே ஒரு மெல்லிய பாலியெஸ்டர் படலத்தை இழுத்துக் கட்டுங்கள். இரண்டு தகடுகளிலும் காற்று போக நிறையத் துளைகள் போடுங்கள். படலத்துக்குச் சில ஆயிரம் வோல்ட்டில் நிலையான மின்னூட்டம் கொடுங்கள். பெருக்கியிலிருந்து வரும் இசைச் சைகையை ஒரு மின்மாற்றியால் உயர்த்தித் தகடுகளுக்கு அனுப்புங்கள். முன்தகடு இழுக்கும்போது பின்தகடு தள்ளும். அடுத்த கணம் அது மாறும். படலம் இசையோடு அசையும். நிலைமின் ஒலிபெருக்கி இவ்வளவுதான். (வீட்டில் யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து அதைத் திறந்து பார்க்காதீர்கள். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் உள்ளே மின்னூட்டம் தங்கியிருக்கும்.)

படலம் எவ்வளவு லேசானது? 12 மைக்ரான் தடிப்புள்ள ஒரு சதுர மீட்டர் பாலியெஸ்டர் படலத்தைக் கணக்குப் போட்டால் சுமார் 17 கிராம் வரும். ஏறக்குறைய 14 லிட்டர் காற்றின் எடை. அதாவது படலத்தின் நிறை, அதன் முன்னால் நிற்கும் ஒன்றரை சென்டிமீட்டர் காற்றுக்குச் சமம். சாதாரண ஸ்பீக்கரில் ஒரு கூம்பை அதன் நடுவிலுள்ள கம்பிச்சுருள் மட்டும் தள்ளுகிறது. இங்கே படலத்தின் முழுப் பரப்பும் ஒரே சமயத்தில் தள்ளப்படுகிறது. கூம்பு நெளிவதால் வரும் கோளாறு இங்கே இல்லை. குரலும் நரம்புக் கருவிகளும் இவ்வளவு இயல்பாகக் கேட்பதற்குக் காரணம் அதுதான்.

அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் இருவரும் 1920களில் இந்த வகையையும் ஆராய்ந்தார்கள். ஆனால் 1925இல் அவர்கள் வெளியிட்டது கம்பிச்சுருள் கூம்பு. இன்று உங்கள் தொலைபேசியிலிருந்து திருவிழாப் பந்தல் வரை எங்கும் இருப்பது அந்தக் கூம்பின் வாரிசுதான். நிலைமின் வகை காத்திருந்தது. இங்கிலாந்தில் பீட்டர் வாக்கர் உருவாக்கிய குவாட் ஒலிபெருக்கி 1957இல் விற்பனைக்கு வந்தபோதுதான், முழு இசையையும் இப்படித் தரமுடியும் என்று உலகம் நம்பியது. அதற்கடுத்த மாதிரியின் பெயரில் 63 என்று இருக்கும். ஆய்வு தொடங்கிய ஆண்டு அது. கடைக்கு வந்ததோ 1981இல்! பொறுமைசாலிகள்.

அடி ஏன் வரவில்லை?

அதிர்வெண் பாதியானால், அதே சத்தத்துக்குப் படலம் நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். 100 ஹெர்ட்ஸில் ஒரு பங்கு அசைந்தது 25 ஹெர்ட்ஸில் பதினாறு பங்கு அசைய வேண்டும். ஆனால் தகடுகளுக்கும் படலத்துக்கும் இடையே இருப்பது இரண்டு, மூன்று மில்லிமீட்டர்தான். இடைவெளியைக் கூட்டினால் விசை குறைந்துவிடும்.

நான் முதலில் இது ஒன்றே காரணம் என்று நினைத்தேன். கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 சென்டிமீட்டர் அகலம், 100 சென்டிமீட்டர் உயரமுள்ள படலம் 1 மில்லிமீட்டர் அசைந்தால் தள்ளும் காற்று 0.6 லிட்டர். ஓரங்கள் கட்டப்பட்டிருப்பதால் உண்மையில் அதில் பாதி என்று வையுங்கள். 12 அங்குல சப்வூஃபரின் கூம்புப் பரப்பு சுமார் 500 சதுர சென்டிமீட்டர், அது 1.5 சென்டிமீட்டர் முன்னே போனால் 0.75 லிட்டர். வித்தியாசம் இருக்கிறது, ஆனால் அடி அடியோடு காணாமல் போகும் அளவுக்கு இல்லை.

பெரிய திருடன் வேறு. படலம் முன்னே போகும்போது முன்பக்கக் காற்று அழுத்தப்படுகிறது, அதே கணத்தில் பின்பக்கக் காற்று தளர்கிறது. பெட்டி இல்லாததால் பின்பக்க அலை விளிம்பைச் சுற்றி முன்னே வருகிறது. சுற்றி வரும் தூரம் அரை மீட்டர் என்று கொள்வோம். 350 ஹெர்ட்ஸ் அலைக்கு அது சரியாக அரை அலைநீளம்; எனவே இரண்டும் கைகோத்துக்கொள்ளும். 50 ஹெர்ட்ஸின் ஏழு மீட்டர் அலைக்கோ அரை மீட்டர் ஒரு தூரமே இல்லை. அழுத்தமும் தளர்ச்சியும் நேருக்கு நேர் சந்தித்து ஒன்றையொன்று அழித்துவிடும். படிவம் நான்கில் அலைகள் பாடத்தில் படிக்கும் அழிவுக் குறுக்கீடு இதுதான். படலம் உழைக்கத்தான் செய்கிறது. உழைப்புப் பின்வாசல் வழியாகப் போய்விடுகிறது.

எனவே மூன்று வழி. ஒன்று, குவாட் மாதிரி பெரிய படலம் வைத்து, கிடைத்த அடியோடு திருப்திப்படுவது. இரண்டு, அமெரிக்காவின் மார்ட்டின்லோகன் பல மாதிரிகளில் செய்வதுபோல், படலத்துக்குக் கீழே ஒரு கூம்பையும் ஒரே உடலில் பொருத்துவது. மூன்று, தனியாகச் சப்வூஃபர் சேர்ப்பது. பின்லாந்தின் கிரேடியன்ட் நிறுவனம் குவாட் ஒலிபெருக்கிகளுக்கென்றே, பெட்டியில் அடைக்காமல் இரு பக்கமும் ஒலிக்கும் சப்வூஃபர்களைச் செய்தது. இசையின் குணம் மேலிருந்து கீழ்வரை மாறாது என்பது அவர்கள் வாதம். நல்ல வாதம்தான். ஆனால் அதே திருடன் அங்கேயும் உண்டு. அதனால் கூம்புகள் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கும்.

'வேகமான' பேஸ் என்று ஒன்று உண்டா?

கடைக்குப் போனால் முதலில் காதில் விழும் வாக்கியம் இது: "இந்தப் படலம் ரொம்ப வேகம் சார், அதற்கு ஈடுகொடுக்க வேகமான பேஸ் வேணும்." கேட்க நன்றாக இருக்கிறது. யோசித்துப் பாருங்கள். 40 ஹெர்ட்ஸ் அலை ஒருமுறை ஏறி இறங்க 25 மில்லிவினாடி ஆகும். எந்த ஸ்பீக்கர் வாசித்தாலும் அவ்வளவுதான். அதைவிட வேகமாகக் கூம்பு அசைந்தால் அது 40 ஹெர்ட்ஸ் அல்ல, வேறு சுரம். கனமான கூம்புக்குப் பெரிய காந்தமும் சக்தியுள்ள பெருக்கியும் இருந்தால் வேண்டிய வேகம் கிடைத்துவிடும்.

அப்படியானால் சில சப்வூஃபர்கள் மட்டும் ஏன் 'இழுத்தடிப்பது' போல் கேட்கின்றன? அடித்தது நின்ற பிறகும் ஏதோ ஒன்று தொடர்ந்து அதிர்வதால். அது துளை வைத்த பெட்டியாக இருக்கலாம். ஊதும் புட்டி மாதிரி, துளையுள்ள பெட்டி ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஒத்ததிர்ந்து சத்தத்தைக் கூட்டுகிறது. ஆனால் நிற்கக் கொஞ்சம் தாமதிக்கிறது, அந்த அதிர்வெண்ணுக்குக் கீழே சட்டென்று ஓய்ந்தும் போகிறது. மூடிய பெட்டி அவ்வளவு சத்தம் தராது; ஆனால் சீராக, மெதுவாக இறங்கும். நிலைமின் ஒலிபெருக்கியோடு சேர்க்க நான் மூடிய பெட்டியையே சொல்வேன். பெரிய மண்டபத்துக்கு என்றால் என் பதில் மாறும்.

இன்னொன்று உருச்சிதைவு. 40 ஹெர்ட்ஸைக் கஷ்டப்பட்டு வாசிக்கும் கூம்பு, கேட்காமலே 80, 120 ஹெர்ட்ஸையும் சேர்த்து வாசிக்கும். சுத்தமான படலத்துக்குப் பக்கத்தில் அந்தக் கலப்படம் பளிச்சென்று தெரியும். அதனால்தான் விலை உயர்ந்த பெட்டிகளில் கூம்பு பெரிதாகவும் பெருக்கி தாராளமாகவும் இருக்கின்றன. ரித்மிக் போன்ற நிறுவனங்கள் கூம்பின் அசைவை ஓர் உணர்சுருளால் அளந்து, பிழையை உடனுக்குடன் திருத்துகின்றன. ஜேஎல் ஆடியோவின் ஃபாத்தம் வரிசை மூடிய பெட்டி. மைக்கை வைத்து அறையை அளந்து தன்னைத்தானே திருத்திக்கொள்ளும். இங்கிலாந்தின் ரெல் தன் பெட்டிகளை ஒலிபெருக்கிக்குப் போகும் அதே கம்பிமுனையிலிருந்து சைகை எடுக்கச் சொல்கிறது. மூன்றும் மூன்று சிந்தனை. ஆனால் எதை வாங்கினாலும், கடைசியில் ஜெயிப்பதும் தோற்பதும் அறையில்தான்.

அறை என்னும் இன்னொரு கருவி

மாமா வீட்டு அறை 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம். இரண்டு சுவர்களுக்கு நடுவே அரை அலை சரியாகப் பொருந்தும் அதிர்வெண்ணில் அறையே ஒத்ததிரும். வேகத்தை நீளத்தின் இரு மடங்கால் வகுங்கள்: நீளவாக்கில் 35 ஹெர்ட்ஸ், அகலவாக்கில் சுமார் 44 ஹெர்ட்ஸ். அந்த இரண்டு சுரங்களும் சுவரோரம் வீங்கிக் கேட்கும். அறை நடுவில் காணாமல் போகும். எவ்வளவு காசு கொடுத்தாலும் பெட்டியால் மட்டும் இதை மாற்ற முடியாது. ஹார்மன் நிறுவனத்தின் டாட் வெல்டி 2002இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு வழி காட்டியது. சப்வூஃபர்களை எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் வைத்தால் பல இருக்கைகளில் ஒலி சீராகும். ஒரு பெரிய பெட்டியை விட இரண்டு நடுத்தரப் பெட்டிகள் மேல் என்று நான் மாமாவிடம் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

ஒரே பெட்டிதான் இருக்கிறது என்றால் இதைச் செய்து பாருங்கள். சப்வூஃபரை நீங்கள் உட்காரும் நாற்காலியில் வையுங்கள். கனத்த ஒலியுள்ள பாட்டைப் போட்டுவிட்டு, தரையில் தவழ்ந்து சுவரோரமாகப் போங்கள். எந்த இடத்தில் அடி சீராகக் கேட்கிறதோ அங்கே பெட்டியை வைத்துவிட்டு நாற்காலிக்குத் திரும்புங்கள். ஒலி போகும் பாதையைத் திருப்பிப் போட்டாலும் விளைவு மாறாது என்பதால் இது வேலை செய்கிறது. தவழும்போது அம்மா பார்த்தால் அறிவியல் என்று சொல்லிக்கொள்ளலாம்.

அடுத்தது, படலம் எங்கே நிறுத்தி, பெட்டி எங்கே தொடங்க வேண்டும் என்பது. 80 ஹெர்ட்ஸ் நல்ல தொடக்கம். அதற்குக் கீழே ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காது எளிதில் கண்டுபிடிக்காது. படலத்துக்குப் போகும் சைகையிலிருந்தும் கீழ் அதிர்வெண்களை வெட்டிவிட்டால் அதன் சுமை குறையும். பிறகு நேரம். 80 ஹெர்ட்ஸின் அரை அலைநீளம் சுமார் 2.2 மீட்டர். பெட்டி படலத்தைவிட அவ்வளவு தூரம் பின்னால் இருந்தால், இரண்டும் சேரவேண்டிய இடத்திலேயே ஒன்றையொன்று அழிக்கும். பெட்டிக்குள் இருக்கும் எண்முறைச் சுற்றே சில மில்லிவினாடி தாமதம் செய்யலாம். ஒரு மீட்டர் என்பது ஏறக்குறைய 2.9 மில்லிவினாடி என்று நினைவில் வைத்துக் கணக்கிடுங்கள். 'இழுத்தடிக்கும் பேஸ்' என்று பலர் குறை சொல்வது பெரும்பாலும் இந்த நேரக் கோளாற்றைத்தான்.

நாடாவில் இருந்தது என்ன?

வாங்குவதற்கு முன் பரிசோதிக்க, உறவுக்காரப் பையன் ஒருவனிடமிருந்து 12 அங்குல மூடிய பெட்டி ஒன்றை இரவல் வாங்கினோம். இடம் தேடி, நேரம் சரிசெய்ய அரை நாள் போயிற்று. ஒலிப்பதிவுக் கூடத்தில் நன்றாகப் பதிவான ஒரு தவில் தனியைப் போட்டோம். தொப்பிப் பக்கத்தில் கழி விழுந்தபோது நாற்காலி அதிர்ந்தது. பெட்டி எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பிறகு தோட்டத்து நாடா. உறுமி வரவில்லை. பதிலாக அடியில் ஒரு 'ம்ம்ம்' ரீங்காரம்.

கணினியில் அதிர்வெண் வரைபடம் எடுத்துப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. அந்தச் சின்ன ரிக்கார்டரின் மைக், 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய எதையும் பிடிக்கவில்லை. உறுமியின் அடி நாடாவில் ஏறவே இல்லை. பதிவில் இல்லாததை எந்தச் சப்வூஃபரும் உண்டாக்காது. பல ஆயிரம் வெள்ளி மிச்சம் என்று சொல்ல வேண்டியதுதான். ஆனால் மாமாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்வது எளிதாக இல்லை.

இங்கே ஒரு சந்தேகம் உங்களுக்கு வரலாம். கைத்தொலைபேசியின் குட்டி ஸ்பீக்கர் 100 ஹெர்ட்ஸை வாசிப்பதில்லை. ஆனாலும் ஆண்குரல் ஆண்குரலாகத்தானே கேட்கிறது? ஆமாம். 200, 300, 400 என்ற மடங்குகள் காதில் விழுந்தால், விடுபட்ட 100ஐ மூளையே நிரப்பிக்கொள்ளும். முரசு வகைகளில் இந்த உதவி குறைவு, ஏனென்றால் சாதாரணத் தோலின் மேல்சுரங்கள் முழு மடங்குகளாக அமைவதில்லை. மிருதங்கமும் தபலாவும் விதிவிலக்கு. நடுவில் பூசிய கருமைப் பூச்சு மேல்சுரங்களை மடங்குகளாக்குகிறது என்று சி.வி. ராமன் 1920இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். உறுமிக்கு அந்தப் பூச்சு இல்லை.

அப்படியானால் அந்த ரீங்காரம் எப்படி வந்தது? மைக் பிடிக்காததை நாடா எப்படிப் பிடித்தது? அது மைக் வழியாக வரவில்லை. ரிக்கார்டரை மின்சாரத்தில் செருகிப் பதிவு செய்திருக்கிறார்கள். மாறுமின்னோட்டத்தின் அதிர்வு கம்பி வழியாக நேரே உள்ளே நுழைந்துவிட்டது. நம் நாட்டில் அது 50 ஹெர்ட்ஸ். வரைபடத்திலோ கோடு ஓரிடத்தில் நிற்காமல் மேலும் கீழும் அலைந்தது. நாடா ஓடிய வேகம் தடுமாறியிருக்குமோ? அப்படியானால் எல்லா ஒலியும் அதே விகிதத்தில் அலைந்திருக்க வேண்டும். சுருதிப்பெட்டியின் கோட்டைப் பார்த்தோம். ஆடாமல் நேராக இருந்தது. அலைந்தது மின்சாரம்தான்.

"அது நம்ம தோட்டத்து இன்ஜின்டா" என்றார் மாமா. அந்த நாளில் தோட்டத்துக்குச் சொந்த ஜெனரேட்டர். பொழுது சாய்ந்ததும் ஓடும், இரவில் நிறுத்திவிடுவார்கள். பந்தல் விளக்குகளின் சுமை ஏறும்போதெல்லாம் இன்ஜின் ஒரு கணம் மூச்சு வாங்கும். வரைபடத்தில் கோடு இறங்கிய இடங்களைக் காட்டியபோது அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

மகன் பிறகு இரண்டு சிறிய மூடிய பெட்டிகள் வாங்கினான்; முதலில் பார்த்ததில் பாதி விலை. இந்த ஆண்டுத் திருவிழாவுக்கு நல்ல மைக் ஒன்றையும் எடுத்துப் போகப் போகிறானாம். காற்றின் இரைச்சலைத் தடுப்பதற்காகப் பல தொலைபேசிகள் கீழ் அதிர்வெண்களை வெட்டிவிடுகின்றன என்று சொல்லி வைத்திருக்கிறேன். பழைய நாடாவைப் போடும்போது மட்டும் சப்வூஃபரை அணைத்துவிடுங்கள், ரீங்காரம் போய்விடும் என்றோம். மாமா கேட்கவில்லை. அதைப் போட்டுத்தான் கேட்கிறார்.